களியும் மணலும் கேட்கும் சக்தி

காரைக்காலில் மலை இல்லை. காடென்று சொல்லத்தக்கதும் இல்லை. ஆகவே மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று இவ்வூர் வாலிபன் ஒருவன் ஆசைப்பட்டால், அது எங்கோ பார்த்துவிட்டு வந்த மோகம் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் தள்ளிவிடுகிறார்கள். அவ்வாறு தள்ளிவிடுபவர்கள், சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள இந்தச் சிறு பிரதேசத்தில், மேற்கே திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்துக் களியில் தொடங்கி, அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் நூலாறும் வகுத்துச் செல்லும் கரைகளின் மேலேறி, சவுக்குத் தோப்புகளின் ஊடே புகுந்து, கிழக்கே கடலோரத்து மணலை அடைவதற்குள், ஒரே காலைப்பொழுதில் எத்தனை விதமான தரையைச் சக்கரங்கள் சந்திக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர். மலையேறுவது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைமடைச் சமதரையில் ஒரு வண்டியைச் சாயாமல் நடத்திச் செல்வது அதைவிட எளிதன்று என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்கே தெரிந்த விஷயம்.

ஆசை நிலைத்துவிட்டால் அடுத்து எழுவது சக்தியைப் பற்றிய கேள்வி. வேலைக்குப் போய்வர வாங்கிய நூறு, நூற்றைம்பது சி.சி. வண்டியில் கட்டை டயர் மாட்டிக்கொண்டு கரைப்பாதையில் ஓட்டிப் பழகியவன், ஒரு கட்டத்தில் மணலில் வண்டி திணறுவதையும் சேற்றில் இன்ஜின் அணைந்து போவதையும் கண்டு, இன்னும் பெரிய இன்ஜின் இருந்தால் இந்தச் சிரமமெல்லாம் தீர்ந்துவிடும் என்ற முடிவுக்கு வருகிறான். அந்த முடிவில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை அறியாமல் நானூறு சி.சி. வண்டிக்குக் கடன் எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் அதைக் கொட்டகையில் நிறுத்தித் துணி போர்த்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பணத்தைவிட, அவர்களுடைய உற்சாகம் வீணாய்ப் போனதே எனக்கு வருத்தம் தருகிறது.

சக்தி என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு அளவுகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். இன்ஜின் தன் தண்டைத் திருகும் பலம் ஒன்று. அதைக் கடைக்காரர்கள் டார்க் என்பார்கள், நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் கம்பியின் அடியில் உண்டாகும் திருகல் ஏறக்குறைய பத்து நியூட்டன் மீட்டர் என்று மனத்தில் கொண்டால் போதும். அந்தத் திருகலை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகத்தோடு பெருக்கினால் கிடைப்பது குதிரைசக்தி. ஆகவே சிறிய திருகலையே மிக வேகமாகச் சுழற்றி நிறையக் குதிரைசக்தி காட்டும் இன்ஜினும் உண்டு. பெரிய திருகலை நிதானமாகச் சுழற்றி அதே குதிரைசக்தி காட்டும் இன்ஜினும் உண்டு. விளம்பரப் பலகையில் இரண்டும் ஒன்றே. வஞ்சூர்ப் பக்கத்துச் சேற்றிலோ அவை இரண்டும் இரண்டு ஜாதி.

1985-இல் நம் நாட்டுக்கு வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ இன்றைக்கும் தேடி வாங்கி மண்பாதைக்கு ஆயத்தம் செய்பவர்களை டெல்டா எங்கும் காணலாம். 98 சி.சி. இன்ஜினில் 11 குதிரைசக்தி தந்த அந்த இரட்டை வீச்சு வண்டியின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆயினும் அதன் சுபாவம், கீழ்ச்சுற்றில் உறங்கிக் கிடந்து, மேற்சுற்றில் திடீரென்று விழித்துக்கொள்வது. காய்ந்த தரையில் அந்த விழிப்பு ஆனந்தம். ஈரக் களியில் அது பின்சக்கரத்தை இருந்த இடத்திலேயே சுழல வைத்து வண்டியைக் குறுக்கே தள்ளிவிடும். மண்பாதைக்கு வேண்டிய சக்தி, கைப்பிடியைக் கொஞ்சம் திருகினால் கொஞ்சமும், இன்னும் திருகினால் இன்னும் கொஞ்சமுமாக, கேட்ட அளவே வந்து சேரும் சக்தி. சுற்று குறையும்போது இன்ஜின் அணையாமல் தாங்கிக்கொண்டால் கிளட்சைப் பாதி பிடித்துத் தேய்க்க வேண்டிய அவசியம் குறையும். கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் சேற்றில் சிக்கிய ஒவ்வொரு கூட்டத்திலும் எழுவதற்குக் காரணம், கீழ்ச்சுற்றில் பலமில்லாத இன்ஜினைக் கிளட்சைக் கொண்டு ஈடுகட்டப் பார்ப்பதே.

இனி தரையின் குணத்தைப் பார்ப்போம். காவிரி பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டல் களி, ஈரம் பட்டால் உப்பி நெகிழ்ந்து, வெயில் பட்டால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் இயல்புடையது. மழைக்குப் பின் அதில் ஒரு சாதாரண மோட்டார் சைக்கிளை இறக்கினால், ஐம்பது அடி போவதற்குள் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைந்து, சக்கரம் சுழலாமல் பனிச்சறுக்குக் கட்டையைப் போல வழுக்கத் தொடங்கும். டர்ட் பைக்கின் முன்மட்கார்டு சக்கரத்தை ஒட்டியிராமல் விளக்கின் அடியில் உயரத் தூக்கி வைக்கப்பட்டிருப்பது அழகுக்காக என்று நினைப்பவர்கள், அந்த ஒரு கணத்தில் அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வார்கள். களியில் எத்தனை குதிரைசக்தி இருந்தும் பிரயோஜனமில்லை. தரையைப் பற்றிக்கொள்ளும் டயரும், கனமில்லாத உடலும், நிதானமான கையுமே அங்கே செல்லும்.

இதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் தினமும் விடியற்காலையில் வரப்போரம் போய் நின்றால் போதும். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற பெயரில் வந்த மொபெட்டின் வழித்தோன்றலான எக்ஸ்.எல்., உரமூட்டையை முன்னால் வைத்துக்கொண்டும், மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டும், ஒற்றையடிப் பாதையில் தடுமாறாமல் போய்க்கொண்டிருக்கும். நூறு சி.சி.யை எட்டாத அதன் இன்ஜின் தருவது நாலரைக்கும் குறைந்த குதிரைசக்தி; வண்டியின் எடை தொண்ணூறு கிலோவுக்குள். சறுக்கினால் காலை ஊன்றி நிறுத்திவிடலாம், விழுந்தால் ஒற்றைக் கையால் நிமிர்த்திவிடலாம் என்ற தைரியமே அதை ஓட்டுபவரைச் சேற்றுக்கு அஞ்சாதவராக்குகிறது. டெல்டாவின் உண்மையான மண்பாதை வாகனம் அதுதான் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். பெரிய வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் அதனிடம் லாகவத்தைப் பாடம் கேட்க வேண்டும்.

மணலோ இதற்கு நேர்மாறு. சித்திரை மாதத்தில் வறண்டு கிடக்கும் ஆற்றின் படுகையிலும், சவுக்குத் தோப்பின் உள்ளே காற்று கொண்டுவந்து குவித்த பொடிமணலிலும், வண்டி ஒவ்வொரு கணமும் தன் முன்னால் ஒரு சிறு மேட்டைத் தானே உண்டாக்கித் தானே ஏறிக்கொண்டிருக்கிறது. இங்கே சக்தி தேவை, அதில் சந்தேகமேயில்லை. வேகம் குறைந்தால் முன்சக்கரம் புதையும். புதைந்த பின் திருகினால் பின்சக்கரம் குழி தோண்டும். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கால்மிதியில் எழுந்து நின்று, மூன்றாம் கியரில் ஒரே சீராக இழுத்துச் செல்லும் பலம் இன்ஜினுக்கு இருந்தால்தான் முன்சக்கரம் மணலின் மேல் மிதந்து செல்லும். எட்டு, ஒன்பது குதிரைசக்தி உள்ள வண்டி எழுபது கிலோ ஆளைச் சுமந்துகொண்டு இதைச் செய்ய முடியாமல் தவிக்கிறது. ஆகவே, அதிக சக்தி வேண்டும் என்று கேட்கும் வாலிபனின் கேள்வியில் உண்மையாயிருக்கும் அந்தப் பாதி, மணல் கேட்கும் பாதி.

களி கனத்தை வெறுக்கிறது. மணல் பலத்தைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே காலையில் கடக்க வேண்டியவனுக்கு நடுவழி எங்கே இருக்கிறது? திருநள்ளாறு சாலைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இந்த விஷயம் பேசப்பட்டதைக் கேட்டிருக்கிறேன்.

“அண்ணே, நூத்தம்பது பத்தல. நானூறே எடுத்துரலாமா?”

“எடுக்கலாம் தம்பி. ஆனா முதல்ல ஒண்ணு பண்ணு. அந்த வண்டி வச்சிருக்கவன் யார்கிட்டயாவது கேட்டு, சேத்துல படுக்கப் போட்டுட்டு, யாரையும் கூப்பிடாம தனியாத் தூக்கி நிறுத்திக் காட்டு. நிறுத்திட்டா எடு.”

“ரெண்டு பேர் சேர்ந்துதானே போவோம்?”

“ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் விழுவீங்களா?”

அந்த மெக்கானிக் சொன்ன பரீட்சையைவிட நல்ல பரீட்சையை நான் அறியேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு நம் நாட்டில் எண் தகடு மாட்டி ஓட்டக்கூடிய வண்டிகளைப் பார்க்கலாம். ஹீரோ நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த எக்ஸ்பல்ஸ் 200, பின்னர் நான்கு வால்வு பெற்று, சுமார் 19 குதிரைசக்தியும் 17.35 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருவதாயிற்று. எடை 158 கிலோவை ஒட்டியது. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம், தரையிலிருந்து இன்ஜினின் அடிப்பகுதிக்கு 220 மில்லிமீட்டர் இடைவெளி. 2025-இல் அறிமுகமான எக்ஸ்பல்ஸ் 210, நீரால் குளிரூட்டப்படும் இன்ஜினுடன் 24.6 குதிரைசக்தி தருகிறது. பதிலுக்குப் பத்துக் கிலோ கூடுதல். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கே விற்பனைக்கு வந்த கவாஸாகி கே.எல்.எக்ஸ். 230, குதிரைசக்தியில் சுமார் பதினெட்டோடு நின்றுவிட்டாலும், எடையில் 139 கிலோதான். மேடுபள்ளத்தை விழுங்கும் சஸ்பென்ஷனின் நீட்சி, அறிமுகமானபோது, முன்னே 240, பின்னே 250 மில்லிமீட்டராக இருந்தது. சென்னையில் தயாராகும் ராயல் என்பீல்டு ஹிமாலயன் 450, 40 குதிரைசக்தியும் 40 நியூட்டன் மீட்டரும் தந்து, 196 கிலோ எடையுடன் நிற்கிறது. 2025-இல் வந்த கே.டி.எம். 390 எண்டூரோ ஆர், 46 குதிரைசக்தியை ஹிமாலயனைவிட இலேசான உடலில் அடக்கியிருக்கிறது.

எக்ஸ்பல்ஸ் 200-க்கும் ஹிமாலயனுக்கும் உள்ள வித்தியாசம் 38 கிலோ. நெடுஞ்சாலையில் அந்தக் கனம் ஸ்திரம். காற்றடித்தால் அசையாது, மணிக்கணக்கில் ஓட்டினாலும் உடல் நோகாது. கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளை நாடி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் பிரயாணம் செய்து, அங்கே சற்று மண்பாதையும் பார்த்துவிட்டு, மறுநாள் ஊர் திரும்ப விரும்புகிறவருக்கு நானூறு சி.சி. வண்டியைச் சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஓட்டத்தின் பெரும்பகுதி அரசலாற்றுக் கரைக்கும் கடலோரத் தோப்புக்கும் நடுவிலேயே முடிந்துவிடும் என்றால், இருநூறிலிருந்து இருநூற்றைம்பது சி.சி. வரையுள்ள நான்கு வீச்சு வண்டியே, அதிலும் நூற்றறுபது கிலோவைத் தாண்டாத வண்டியே, காரைக்காலுக்கு உகந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதற்கு அரசாங்கமும் தன்னை அறியாமல் துணை செய்திருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதத்திலிருந்து 18 சதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதமாக உயர்ந்தது.

இன்ஜின் பெருகப் பெருகத் திறமையும் பெருகும் என்ற எண்ணத்தை உலகின் மிகக் கடுமையான மண்பாதைப் பந்தயமே கைவிட்டுவிட்டது. தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய பாரிஸ்–டாக்கார் பந்தயம் 1978 டிசம்பர் 26-இல் முதன்முறையாகப் புறப்பட்டபோது, அதில் வெற்றி பெற்ற சிரில் நெவூ ஓட்டியது ஒற்றை சிலிண்டர் யமஹா எக்ஸ்.டி. 500. பிறகு வந்த வருஷங்களில் ஆயிரம் சி.சி.யை நெருங்கிய இரட்டை சிலிண்டர் ராட்சதர்கள் பாலைவனத்தை ஆண்டார்கள். வேகமும் விபத்தும் எல்லை மீறவே, 2011 முதல் 450 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் அங்கே வரக்கூடாதென்று விதி செய்தார்கள். 2015-இல் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான பெங்களூர் சி.எஸ். சந்தோஷ் 36-ஆம் இடத்தில் முடித்தார். 2024-இல் கேரளத்து ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, டி.வி.எஸ். ஆதரவு பெற்ற ஷெர்கோ 450 வண்டியில், மொத்தத்தில் 11-ஆம் இடத்தையும் ராலி 2 பிரிவில் முதலிடத்தையும் பெற்றார். அந்தப் பந்தயம் இப்போது நடக்கும் அராபியப் பாலைவனத்தின் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு 450 போதுமென்றால், மண்டபத்தூர் மணலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வாசகர்களே நிதானிக்கலாம்.

புதிய வண்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய உபாயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும் விற்பனையாளரை நான் கண்டதில்லை. இன்ஜினிலிருந்து செயினுக்குச் சக்தியைக் கொடுக்கும் முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு 13 பல் உள்ளதை மாட்டினால், பின்சக்கரத்தில் கிடைக்கும் திருகல் ஏறக்குறைய எட்டுச் சதம் அதிகரிக்கும். நெடுஞ்சாலையில் உச்ச வேகம் அதே அளவு குறையும். கரைப்பாதையில் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? சில நூறு ரூபாயில் முடியும் காரியம். அதோடு, மணலில் இறங்குமுன் டயரின் காற்றைப் பதினெட்டு பி.எஸ்.ஐ. அளவுக்குத் தணித்துவிட்டால், டயர் பரந்து படிந்து, இரண்டு மூன்று குதிரைசக்தி கூடிவிட்டது போன்ற வித்தியாசம் தெரியும். தார்ச்சாலைக்கு ஏறியவுடன் மறுபடி காற்றடைக்கத் தவறினால் ட்யூப் நசுங்கிக் கிழிந்துவிடும் என்பதால், கைப்பம்பு ஒன்று பையில் இருந்தே தீர வேண்டும்.

உயரமும் கவனிக்கத்தக்கது. கே.எல்.எக்ஸ். 230-இன் இருக்கை 880 மில்லிமீட்டர். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு நுனிக்கால்தான் எட்டும். கெட்டித் தரையில் நுனிக்கால் போதும். களியில் ஊன்றிய கால் நான்கு விரல் ஆழம் உள்ளே போய்விடுவதால், எட்டிய காலும் எட்டாத கால்தான். ஏ.பி.எஸ். பிரேக்கைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: தார்ச்சாலையில் உயிர்காக்கும் அந்தச் சாதனம், பொடிமணலில் சக்கரத்தைப் பூட்ட விடாமல் வண்டியை மேலும் ஓட விடுவதால், பின்சக்கரத்துக்கு அதை நிறுத்தி வைக்கும் வசதி இருப்பது நல்லது. கடலோர ஊருக்கே உரிய சத்துரு உப்பு. கழிமுகத்துச் சேற்றில் ஓடி வந்த வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, கம்பிச் சக்கரத்தின் ஒவ்வொரு ஸ்போக்கையும் துடைத்து வைக்காதவரின் வண்டி இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். ரேடியேட்டரின் இடுக்குகளில் காய்ந்த களியை அகற்றாவிட்டால் நீரால் குளிரும் இன்ஜின் கொதிக்கத் தொடங்கும்.

எங்கே, எப்போது ஓட்டுவது என்பதில் நம் வாலிபர்கள் காட்ட வேண்டிய பொறுப்பைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். தையில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் சும்மா கிடப்பதாகத் தோன்றும். ஆனால் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே, நிற்கும் நெல்லுக்கு அடியில் ஈரத்தோடு உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது டெல்டா விவசாயியின் வழக்கம். தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டிருக்கும் அந்தச் செடியைப் பார்க்கத் தெரியாதவர் வயலில் சக்கரத்தை இறக்கினால், ஒரு குடும்பத்தின் கோடைக்கால வருமானத்தின் மேல் ஓட்டுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றங்கரைகளில் ஓட்டுவதும் கூடாது. ஈரக் கரையில் டயர் கிழிக்கும் பள்ளத்தின் வழியே வெள்ளம் கரையை அரிக்கத் தொடங்கிவிடும். தை முதல் பங்குனி வரை கடலாமைகள் இக்கரையில் ஏறி வந்து மணலைத் தோண்டி முட்டையிடும் காலம். பட்டினச்சேரி, காரைக்கால்மேடு போன்ற மீனவக் கிராமங்களின் கடற்கரையோ, வலை உலர்த்தவும் படகு இழுக்கவும் அவர்களுக்கு வேண்டிய இடம். ஆகவே அலைவாய்க் கரையை விட்டுவிட வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படுவது. ஆறுகளில் நீர் வராத அந்த இடை மாதங்களில், காய்ந்த கரைப்பாதைகளும், உரிமையாளரின் சம்மதம் பெற்ற தோப்புகளும், ஊரார் நடமாட்டமில்லாத படுகைகளும் போதுமான அளவுக்கு இருக்கின்றன.

பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டு, விளக்கும் எண் தகடும் இல்லாமல் விற்கப்படும் மோட்டோகிராஸ் வண்டிகளின் மேல் சிலருக்கு ஆசை எழுகிறது. இலேசான உடலில் அளவற்ற சக்தி உடையவை அவை, ஆனால் பி.ஒய். 02 என்ற நம் எண்ணோ வேறெந்த எண்ணோ அவற்றுக்குக் கிடைக்காது. காரைக்காலில் எந்தத் தோப்புக்குப் போவதானாலும் பொதுச்சாலையைக் கடந்தே தீர வேண்டியிருப்பதாலும், கொஞ்ச தூரம் தவறினால் தமிழ்நாட்டு எல்லைக்குள் போய்விடுவதாலும், பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டி இங்கே உதவாது.

இவ்வளவையும் யோசித்த பிறகும் பெரிய வண்டிதான் வேண்டும் என்று மனம் நிற்குமானால், அதை வைத்திருக்கும் நண்பர் ஒருவரோடு மாசிப் பங்குனியில் காய்ந்த படுகை ஒன்றுக்குப் போக வேண்டும். ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் அணிந்து, முதலில் தம் பழைய வண்டியிலும் பிறகு அவருடைய வண்டியிலும், மூன்றாம் கியரில், சுற்றைக் குறைவாகவே வைத்துக்கொண்டு, நூறடி மணலைக் கடந்து பார்க்கட்டும். பிறகு ஓரத்து ஈரக்களியில் வண்டியை மெல்லப் படுக்க வைத்து, தனியாக எடுத்து நிறுத்தட்டும். மணலில் பெரிய வண்டி இழுத்து, களியில் முதுகு பிடித்துக்கொண்டால், இருநூறு சி.சி. வண்டியின் விலையை விசாரிக்கலாம். இரண்டிலும் தேறிவிட்டால் பெரியதையே வாங்கலாம். பழைய வண்டியே, ஒரு பல் குறைந்த ஸ்ப்ராக்கெட்டோடும் காற்றிறக்கிய டயரோடும் அந்த நூறடியைக் கடந்துவிட்டால், அந்த வருஷத்துக்குப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நல்ல டயர் ஒரு ஜோடி மட்டும் வாங்கினால் போதும்.